துவரையின் இரு காட்டு உறவினங்கள்

மார்கழி மாதத்தில் பெங்களூரின் சந்தைகளில் பச்சைத் துவரைக் காய்கள் குவிந்து கிடப்பது வழக்கம். கன்னடத்தில் தொகரி என்று அழைக்கப்படும் இக்காயை உரித்து, பச்சைப் பருப்பாகவே குழம்பிலும் பொரியலிலும் சேர்ப்பது தென் கர்நாடகத்தின் பழக்கம். தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் அதே துவரை, உலர்ந்த பருப்பாகி நாள்தோறும் சாம்பாரில் கலக்கிறது. ஆயினும், இப்பயிருக்குக் காட்டில் உறவினங்கள் உள்ளன என்பதும், துவரையின் வருங்காலம் ஓரளவு அவற்றைச் சார்ந்துள்ளது என்பதும் பலரும் அறியாத செய்திகள்.

ஆங்கிலத்தில் துவரைக்குப் புறாப் பட்டாணி என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. அவ்வகையில் அதன் காட்டு இனங்களைக் காட்டுப் பட்டாணிகள் எனலாம். அவற்றுள் கஜானஸ் கஜானிஃபோலியஸ், கஜானஸ் ஸ்காரபேயாய்ட்ஸ் ஆகிய இரண்டும் தனிக் கவனத்துக்கு உரியவை. ஒன்று துவரையைப் போலவே நிமிர்ந்து வளரும் புதர். மற்றொன்று புல்லிடையே படரும் மெல்லிய கொடி. ஒன்று கிழக்கிந்தியக் குன்றுகளில் குறுகிய பரப்பில் மட்டுமே வாழ்வது. மற்றொன்று ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருப்பது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால், பயிர் அபிவிருத்திக்குக் காட்டினங்கள் எவ்வாறு உதவுகின்றன என்பதும், எந்த இனத்துக்கு எத்தகைய பாதுகாப்பு தேவை என்பதும் தெளிவாகும்.

பயிரின் நிலை

உலகத் துவரை உற்பத்தியில் பெரும்பகுதி இந்தியாவினுடையது. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் இதில் முன்னணியில் நிற்கின்றன. கர்நாடகத்தின் வட பகுதியிலுள்ள கலபுர்கி மாவட்டம் துவரைக் களஞ்சியம் என்றே பெயர் பெற்றது. அம்மாவட்டத்துத் துவரம் பருப்புக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் நாட்டின் தேவை முழுவதையும் உள்நாட்டு விளைச்சலால் ஈடு செய்ய இயலவில்லை. மியான்மரிலிருந்தும் மொசாம்பிக் போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் துவரை இறக்குமதியாகிறது.

இதற்கு முதன்மையான காரணம் குறைந்த விளைச்சலே. பயிரின் பெரும்பகுதி மானாவாரி நிலத்தில், பிற பயிர்களுக்கு ஊடுபயிராக விதைக்கப்படுகிறது. சராசரி மகசூல் எக்டேருக்கு ஒரு டன்னை எட்டுவது அரிது. பச்சைக் காய்ப்புழு, வாடல் நோய், மலட்டுத் தேமல் நோய் ஆகிய மூன்றும் விளைச்சலைக் குறைக்கும் முக்கிய எதிரிகள். இவற்றை எதிர்க்கும் தன்மை பயிரிடப்படும் வகைகளில் போதிய அளவில் இல்லை.

இக்குறை துவரைக்கு மட்டும் உரியதன்று. மனிதன் ஒரு காட்டுச் செடியைப் பயிராக்கும்போது, தனக்கு வேண்டிய சில செடிகளின் விதைகளை மட்டுமே தேர்ந்தெடுக்கிறான். பெரிய விதை, வெடிக்காத காய், ஒருசேர முளைக்கும் தன்மை ஆகியவை நிலைபெறுகின்றன. தேர்வுக்கு உள்ளாகாத பல பண்புகள் காட்டிலேயே தங்கிவிடுகின்றன. பல தலைமுறைகளுக்குப் பின் பயிரின் மரபு வளம் குறுகிவிடுகிறது. விடுபட்ட பண்புகளைத் தேடி விஞ்ஞானிகள் மீண்டும் காட்டினங்களை நாடுவதற்கு இதுவே காரணம்.

ஒரு விதை அடையாளமும் பெயர் மாற்றமும்

இவ்விரு செடிகளும் முன்பு அடிலோசியா என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னட்டுடன் இணைந்து 1834-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் இப்பேரினத்தை வகுத்தார். கொடியினம் அதற்கும் முன்பே, 1753-ஆம் ஆண்டில், லின்னேயஸால் வேறொரு பேரினத்தின் கீழ் விவரிக்கப்பட்டிருந்தது. ஸ்காரபேயாய்ட்ஸ் என்ற பெயருக்கு வண்டினை ஒத்தது என்பது பொருள். புதரினமோ இருபதாம் நூற்றாண்டில்தான் அறிவியல் உலகின் கவனத்துக்கு வந்தது. பீகார், ஒரிசா பகுதிகளின் தாவரங்களை ஆராய்ந்த ஹெய்ன்ஸ் அதனை விவரித்தார். அதன் இலை துவரை இலையை ஒத்திருந்ததால் கஜானிஃபோலியா என்று பெயரிட்டார்.

துவரையையும் அடிலோசியாவையும் பிரித்துக் காட்டிய முக்கிய அடையாளம் விதையில் இருந்தது. காட்டினங்களின் விதையில், காயோடு அது ஒட்டியிருந்த தழும்பின் அருகே வெளிறிய நிறத்தில் ஒரு சிறு சதைத் திரட்சி எடுப்பாகத் தெரியும். துவரை விதையில் இத்திரட்சி பொதுவாகக் காணப்படுவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே இரு பேரினங்கள் நெடுங்காலம் தனித்தனியாக நின்றன.

ஆயினும், இப்பிரிவினை பொருத்தமானதா என்ற ஐயம் வலுத்து வந்தது. இரண்டிலும் குரோமோசோம் எண்ணிக்கை 22 ஆகவே இருந்தது. 1956-ஆம் ஆண்டில் தியோதிகர், தாகர் ஆகியோர் துவரையையும் நிமிர்ந்து வளரும் சில அடிலோசியா இனங்களையும் ஆராய்ந்து, இவை நெருங்கிய உறவுடையவை என்பதற்குச் சான்று காட்டினர். பேரின எல்லையைக் கடந்து இனக்கலப்பு எளிதில் நிகழ்கிறது என்றால் அந்த எல்லையே செயற்கையானது என்று கருதத் தோன்றுமன்றோ? நெதர்லாந்து நாட்டு அறிஞர் வான் டெர் மேசன் இச்சான்றுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து, 1986-ஆம் ஆண்டில் அடிலோசியாவைக் கஜானஸ் பேரினத்துடன் இணைத்தார். அவ்வாறு அமைந்த பேரினத்தில் 32 இனங்கள் இடம்பெற்றன. பழைய நூல்களிலும் உலர் தாவரத் தொகுப்புகளிலும் அடிலோசியா என்ற பெயரையே காணும் மாணவர்கள் இம்மாற்றத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்பெயர் மாற்றத்துக்கு நடைமுறைப் பயனும் உண்டு. துவரையின் பிறப்பிடம் ஆப்பிரிக்காவா, இந்தியாவா என்பது நெடுநாள் விவாதம். ஆப்பிரிக்காவுக்கே உரிய கஜானஸ் காட்டினம் ஒன்று மட்டுமே. இந்தியாவிலோ பல இனங்கள் இயல்பாக வளர்கின்றன. துவரைக்கு மிக நெருங்கிய கஜானிஃபோலியஸ் இனமும் இங்கேயே உள்ளது. 1974-ஆம் ஆண்டிலேயே இவ்வினத்தைத் துவரையின் மூதாதையாக டே என்ற அறிஞர் சுட்டினார். பிற்கால மரபணு ஆய்வுகளும் அக்கருத்தை வலுப்படுத்தியுள்ளன. கர்நாடகத்தின் பல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனக்கல்லு புதிய கற்கால இருப்பிடத்தில் கிடைத்த துவரை எச்சங்கள், இம்மண்ணில் இப்பயிர் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருவதைக் காட்டுகின்றன.

இரு செடிகளின் தோற்றம்

கஜானிஃபோலியஸ் ஆளுயரத்தை ஒட்டி வளரும் நிமிர்ந்த புதர். மூன்று சிற்றிலைகள் கொண்ட அதன் கூட்டிலை, நுனி கூர்ந்து, துவரை இலையைப் போலவே காணப்படும். மஞ்சள் நிறப் பூவின் அமைப்பும் துவரைப் பூவை ஒத்ததே. பூக்கும் பருவத்தில் தொலைவிலிருந்து காண்போர், யாரோ விதைத்து விட்டுப்போன துவரை என்றே எண்ணக்கூடும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். முற்றிய காய் தானே வெடித்து விதைகளைச் சிதறும். விதை சிறியது, கருமை படர்ந்தது, தழும்பருகே சதைத் திரட்சி உடையது. ஒடிசா, சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதி, அவற்றை அடுத்த ஆந்திரக் குன்றுகள் ஆகியவையே இதன் இருப்பிடம். காட்டோரங்களிலும் மரங்கள் அடர்ந்திராத சரிவுகளிலும் இது வளர்கிறது. தென் கர்நாடகத்திலோ தமிழகத்திலோ இது இயற்கையாக வளர்வதில்லை.

ஸ்காரபேயாய்ட்ஸ் தோற்றத்தில் முற்றிலும் வேறானது. தமிழில் காட்டுக்கொள்ளு என்று வழங்கும் இது, தரையில் படர்ந்தோ புல்லையும் சிறு புதர்களையும் பற்றி ஏறியோ வளரும். சிற்றிலைகள் சிறியவை, நுனி மழுங்கியவை, அடியிலிருந்து புறப்படும் மூன்று நரம்புகள் தெளிவாகத் தெரியும். தண்டு, இலை, காய் ஆகிய எல்லா உறுப்புகளையும் மென்மயிர் மூடியிருக்கும். இலைக் கக்கங்களில் சிறு மஞ்சள் பூக்கள் ஒன்றிரண்டாகவோ சிறு கொத்தாகவோ தோன்றும். காய் இரண்டு சென்டிமீட்டர் அளவே நீளமுடையது. விதைகளுக்கு இடையே குறுக்குப் பள்ளங்கள் அமைந்திருப்பது காயைக் கண்டவுடன் தெரியும். இந்தியாவின் சமவெளிப் புதர்க்காடுகள், புல்வெளிகள், சாலையோரங்கள் ஆகியவற்றிலும், இலங்கை, தென்கிழக்கு ஆசியா, தென் சீனம், வட ஆஸ்திரேலியா ஆகிய நிலங்களிலும் இது பரவியுள்ளது. தென் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் தரிசு நிலங்களில் இதைக் காணலாம். ஆடு மாடுகள் மேய்ந்து போகும் இச்செடியைத் துவரையின் உறவினம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

தோற்றத்தை மட்டும் கொண்டு மதிப்பிட்டால், துவரைக்குப் பயன்படக்கூடியது புதரினமே, கொடியினத்தால் பயனில்லை என்று முடிவு செய்ய நேரிடும். ஆனால் அம்முடிவு சரியன்று.

இனக்கலப்பு காட்டும் நெருக்கம்

ஒரு பயிரின் காட்டு உறவினங்களை, அவை பயிருடன் எவ்வளவு எளிதில் கலக்கின்றன என்பதைக் கொண்டு வளர்ப்பாளர்கள் தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். பயிரின் எல்லா வகைகளும் முதல் தொகுதி. சற்று முயன்றால் கலந்து, வளமுள்ள வழித்தோன்றல்களைத் தரும் இனங்கள் இரண்டாம் தொகுதி. சிறப்பு உத்திகள் இன்றிக் கலக்காதவை மூன்றாம் தொகுதி. கஜானிஃபோலியஸ், ஸ்காரபேயாய்ட்ஸ் ஆகிய இரண்டும் இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தவை. இரண்டுமே துவரையுடன் கலக்கின்றன.

ஆனால் நெருக்கத்தின் அளவில் வேறுபாடு உண்டு. கஜானிஃபோலியஸுடன் செய்யும் கலப்பில் பிறக்கும் செடிகள் பெரும்பாலும் நல்ல வளமுடையவை. தோற்றத்திலும் துவரையிலிருந்து வெகுவாக விலகுவதில்லை. ஸ்காரபேயாய்ட்ஸுடன் செய்யும் கலப்பில் கொடித் தன்மை, சிறு விதை, வெடிக்கும் காய், கடினமான விதைத் தோல் ஆகிய வேண்டாத பண்புகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றை நீக்க, கலப்புச் செடியை மீண்டும் மீண்டும் துவரையுடனேயே கலந்து, தலைமுறைதோறும் தேர்வு செய்ய வேண்டும். இப்பணிக்குப் பல ஆண்டுகள் தேவை. ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் பயன் மூன்றாண்டில் தெரியவில்லை என்று அதனைக் கைவிடுவது இத்துறையில் பெருந்தவறாக முடியும் என்பதை நிர்வாகிகள் உணர வேண்டும்.

வீரியக் கலப்பினத்துக்கு இரு வழிகள்

காட்டினங்களால் துவரைக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை, ஆண் மலட்டுத் தன்மை என்ற ஒரு குறைபாட்டிலிருந்து பிறந்தது. வீரியக் கலப்பின விதை உற்பத்திக்கு, தாய்ச் செடியில் மகரந்தம் செயல்படாதிருக்க வேண்டும். அப்போதுதான் அது தன் மகரந்தத்தால் கருவுறாமல், தந்தைச் செடியின் மகரந்தத்தை மட்டும் ஏற்கும். துவரைப் பூக்களைத் தேனீக்கள் நாடி வருவதால் அயல் மகரந்தச் சேர்க்கை இப்பயிரில் இயல்பாகவே ஓரளவு நடைபெறுகிறது. ஆகவே, மகரந்த மலடான தாய்ச் செடி கிடைத்தால் எஞ்சிய பணியைத் தேனீக்களே செய்துவிடும்.

1991-ஆம் ஆண்டில் உலகின் முதல் துவரை வீரியக் கலப்பினமான ஐ.சி.பி.எச். 8 இந்தியாவில் வெளியிடப்பட்டது. அதில் ஆண் மலட்டுத் தன்மை உட்கருவிலுள்ள ஒரு மரபணுவால் ஏற்பட்டது. இம்முறையில் தாய் வரிசையில் பாதிச் செடிகள் மலடாகவும் மறுபாதி வளமாகவும் இருக்கும். பூக்கும் தருணத்தில் ஒவ்வொரு செடியையும் சோதித்து, வளமான செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டும். அதற்கான கூலியும் கவனமும் விதை உற்பத்தியாளருக்குக் கட்டுப்படியாகவில்லை.

இச்சிக்கலுக்குத் தீர்வு காட்டினங்களிடம் இருந்தது. செல்லின் உட்கரு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது. உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசம் தாயிடமிருந்தே வருகிறது. காட்டுச் செடியைத் தாயாக வைத்துத் துவரையுடன் கலந்து, பின்னர்த் தொடர்ந்து துவரை மகரந்தத்தையே அளித்து வந்தால், காட்டினத்தின் சைட்டோபிளாசமும் துவரையின் உட்கருவும் ஒரே செடியில் கூடுகின்றன. இவ்விரண்டும் இசையாதபோது மகரந்தம் செயலிழக்கிறது. செடியின் பிற உறுப்புகள் நலமாகவே இருக்கின்றன. இச்செடியுடன் அதே உட்கருவும் துவரையின் சைட்டோபிளாசமும் உடைய பராமரிப்பு வரிசையைக் கலந்தால், பிறக்கும் செடிகள் அனைத்தும் மலடாகவே இருக்கும். பிடுங்கி எறியும் வேலை இல்லை. வளத்தை மீட்கும் மரபணு கொண்ட மற்றொரு வரிசையுடன் கலந்தால், விவசாயிக்குரிய வளமான கலப்பின விதை கிடைக்கும். மூன்று வரிசைகளைக் கொண்ட இம்முறை நெல்லிலும் சோளத்திலும் முன்பே வெற்றி கண்டது.

துவரையில் இம்முறை இரு காட்டினங்களிலிருந்தும் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்காரபேயாய்ட்ஸின் சைட்டோபிளாசத்தைக் கொண்டு குஜராத்தில் உருவான மலட்டு வரிசை ஏ2 எனப்படுகிறது. அதன் பயனாக ஜி.டி.எச். 1 என்ற கலப்பினம் 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹைதராபாத்துக்கு அருகில் பட்டஞ்சேருவில் 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வதேச அரைவறட்சி வெப்ப மண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையமாகிய இக்ரிசாட், கஜானிஃபோலியஸிலிருந்து ஏ4 என்ற மலட்டு வரிசையை உருவாக்கி 2005-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஏ4 வரிசை பல்வேறு சூழல்களிலும் நிலையாக மலட்டுத் தன்மையைக் காத்தது. அதற்கு வளம் மீட்கும் துவரை வரிசைகளும் ஏராளமாகக் கிடைத்தன. அதன் அடிப்படையில் உருவான ஐ.சி.பி.எச். 2671 மத்தியப் பிரதேசத்தில் 2010-ஆம் ஆண்டிலும், ஐ.சி.பி.எச். 2740 தெலங்கானாவில் 2015-ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன.

கலப்பின விதை மட்டும் விளைச்சலைப் பெருக்கிவிடாது என்பதையும் மறந்துவிடலாகாது. தூய விதை உற்பத்திக்குப் பிற துவரை வயல்களிலிருந்து போதிய இடைவெளி, தேனீக்களின் நடமாட்டம், பயிற்சி பெற்ற விவசாயிகள் ஆகிய மூன்றும் வேண்டும். பூச்சிக்கொல்லியை அளவின்றித் தெளித்துத் தேனீக்களை அழித்துவிட்டால், இம்முறையின் அடித்தளமே குலைந்து போகும்.

காய்ப்புழுவும் மயிர்க் கவசமும்

மலட்டு வரிசையைத் தருவதில் புதரினம் முந்தியது. ஆனால் காய்ப்புழுவை எதிர்ப்பதில் கொடியினமே சிறந்து விளங்குகிறது. ஹெலிகோவெர்ப்பா என்ற பச்சைக் காய்ப்புழு, பூவையும் இளங்காயையும் துளைத்து உண்டு துவரைக்குப் பேரிழப்பை உண்டாக்குகிறது. துவரைக் காயின் மேற்பரப்பிலுள்ள சுரப்பி மயிர்கள் கசியவிடும் பொருள்கள் புழுவை உண்ணத் தூண்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஸ்காரபேயாய்ட்ஸின் காயிலோ சுரப்பியற்ற மயிர்கள் அடர்ந்துள்ளன. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு இம்மயிர்களைக் கடந்து காயின் தோலை அடைய முடியாமல் தவிக்கிறது. ஆகவே புழுக்களின் வளர்ச்சி குன்றுகிறது. பல மடிந்தும் போகின்றன.

துவரையை ஒத்த கஜானிஃபோலியஸின் காயில் இத்தகைய அடர்ந்த கவசம் அமையவில்லை. பயிருக்கு நெருங்கிய உறவினம், பயிரின் குறைகளில் சிலவற்றையும் பகிர்ந்து கொள்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம். சற்று விலகிய உறவினத்திடம் பயிரில் இல்லாத பண்பு கிடைப்பதற்கு வாய்ப்பு மிகுதி. அதைப் பயிருக்கு மாற்றுவதற்கு உழைப்பும் மிகுதி. காட்டினங்களைப் பயன்படுத்தும் எந்தத் திட்டமும் இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தே அமைய வேண்டும்.

பெங்களூரில் நடந்த சோதனை

துவரையைத் தாக்கும் மலட்டுத் தேமல் நோய், மேலே கூறிய ஆண் மலட்டுத் தன்மையினின்றும் வேறானது. இந்நோய் கண்ட செடி பச்சைப் பசேலெனத் தழைத்து நிற்கும். ஆனால் பூக்காது, காய்க்காது. இலைகள் சிறுத்து வெளிறிய திட்டுகளுடன் காணப்படும். 1931-ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பூசாவில் இது முதலில் பதிவாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்சிலந்தி இதைப் பரப்புகிறது என்பது 1962-ஆம் ஆண்டில் தெரியவந்தது. நோயை உண்டாக்கும் வைரஸை இனங்காண்பதற்கோ இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1964-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், இந்நோய் ஆய்விலும் துவரை வகைகளை உருவாக்குவதிலும் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது. தென் கர்நாடகத்துக்கு ஏற்ற பி.ஆர்.ஜி. வரிசைத் துவரை வகைகள் இங்கு உருவானவை. பட்டஞ்சேருவில் நோயை எதிர்த்து நின்ற சில வகைகள் பெங்களூரில் நோய்க்கு இரையாயின. வைரஸ் எங்கும் ஒரே தன்மையுடையதன்று, பெங்களூர்ப் பகுதியிலுள்ள வடிவம் கடுமையானது என்பது இதனால் புலனாயிற்று.

எனவே, பட்டஞ்சேரு, பெங்களூர், கோயம்புத்தூர் ஆகிய மூன்று இடங்களின் வைரஸ் வடிவங்களுக்கும் எதிராகக் காட்டினங்கள் சோதிக்கப்பட்டன. ஆறு இனங்களைச் சேர்ந்த 115 மாதிரிகள் இச்சோதனையில் இடம்பெற்றன. கஜானிஃபோலியஸும் ஸ்காரபேயாய்ட்ஸும் அவ்வாறில் அடங்கியவை. 2005-ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, 15 மாதிரிகள் மூன்று வடிவங்களையும் எதிர்த்து நின்றன.

இதில் அதிகாரிகளுக்கு ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. ஒரே இனத்தின் எல்லா மாதிரிகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. ஓரிடத்துக் காட்டுக்கொள்ளு நோயை எதிர்க்கலாம். வேறோர் இடத்தில் வளரும் அதே இனம் நோய்க்கு ஆட்படலாம். ஆகவே, ஓர் இனத்தின் விதையைச் சேமித்தாயிற்று என்று ஒரு பொட்டலத்தோடு மனநிறைவு கொள்வது போதாது. வெவ்வேறு மண், மழை, உயரம் ஆகியவற்றைக் கொண்ட பல இடங்களிலிருந்து மாதிரிகள் திரட்டப்பட வேண்டும். திரட்டிய இடத்தின் விவரமும் பிழையின்றிப் பதிவாக வேண்டும்.

எதற்கு எத்தகைய பாதுகாப்பு?

விதைகளைக் குளிர்பதன அறைகளில் காக்கும் பணியை, புதுடில்லியில் 1976-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசியத் தாவர மரபு வளப் பணியகமும், இக்ரிசாட்டின் மரபு வங்கியும் செய்து வருகின்றன. இக்ரிசாட் வங்கியில் மட்டும் துவரையும் அதன் காட்டினங்களுமாகப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. காட்டு விதைகளின் தோல் கடினமானது. சிறிது கீறிய பின்னரே நீரை உறிஞ்சி முளைக்கும். இச்சிறு செயல்முறை தெரியாமையால், உயிருள்ள விதைகளை முளைக்கும் திறனற்றவை என்று மாணவர்கள் ஒதுக்கிவிடக் கூடும்.

சேமிப்பு அறை இன்றியமையாதது. எனினும் அது முழுமையான பாதுகாப்பு ஆகாது. பெட்டியில் உறங்கும் விதை, மாறிவரும் நோய்களோடும் பூச்சிகளோடும் போராடிப் புதிய பண்புகளைப் பெறுவதில்லை. காட்டில் வளரும் செடிக்கே அவ்வாய்ப்பு உண்டு. இங்குதான் இவ்விரு இனங்களின் நிலை வேறுபடுகிறது.

காட்டுக்கொள்ளு ஓரிடத்தில் அழிந்தாலும் வேறிடங்களில் எஞ்சியிருக்கும். அதற்குத் தேவையானது, ஊர்ப்புற மேய்ச்சல் நிலங்களும் புதர்க்காடுகளும் அடியோடு மறையாமல் பார்த்துக் கொள்வதே. இந்நிலங்களைப் பயனற்ற தரிசு என்று ஆவணங்களில் குறிப்பது வழக்கமாகிவிட்டது. பயிருக்குப் புழு எதிர்ப்பைத் தரவல்ல செடி வளரும் நிலத்தைப் பயனற்றது என்று கூறுவது பொருந்துமா என்று நிலப் பயன்பாட்டைத் தீர்மானிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கஜானிஃபோலியஸின் நிலைமை கவலைக்குரியது. அதன் இருப்பிடம் குறுகியது. அப்பகுதியின் காட்டோரங்கள் சாகுபடிக்காகத் திருத்தப்பட்டாலோ, சுரங்கத்துக்கும் சாலைக்கும் இடமளித்தாலோ, அவ்விழப்பை ஈடுசெய்ய வேறு நிலம் இல்லை. அங்கு வேறொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. அருகே துவரை பயிரிடப்படும்போது தேனீக்கள் இரண்டுக்கும் இடையே மகரந்தத்தைக் கொண்டு செல்லும். நெருங்கிய உறவினம் ஆகையால் கலப்பு எளிதில் நிகழும். காலப்போக்கில் காட்டினம் தன் தனித்தன்மையை இழக்க நேரலாம். விலகிய உறவான கொடியினத்துக்கு இவ்வாபத்து குறைவு. இனக்கலப்பில் வளர்ப்பாளருக்கு உதவிய அதே நெருக்கம், காட்டில் அச்செடிக்கே கேடாகவும் முடியலாம்.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழுக்கள் அமைக்கவும், மக்கள் பதிவேடு தயாரிக்கவும் வழி செய்துள்ளது. அப்பதிவேடுகளில் மரங்களும் மூலிகைகளும் இடம்பெறும் அளவுக்குப் பயிர்களின் காட்டு உறவினங்களும் இடம்பெற வேண்டும். வனத்துறைக்கு இவை வெறும் களைகள். வேளாண்மைத் துறைக்கோ இவை தன் எல்லைக்கு வெளியே வளரும் செடிகள். இரு துறைகளுக்கும் இடையில் இவை கவனிப்பாரற்றுப் போகாதிருக்க, மாவட்ட அளவில் இரண்டும் கூடிச் செயல்படும் ஏற்பாடு தேவை. தாவரவியல் மாணவர்களும் இதில் பங்காற்ற இயலும். தங்கள் பகுதியில் காட்டுக்கொள்ளு வளரும் இடங்களைக் குறித்து, பூக்கும் காலத்தையும் காய்க்கும் காலத்தையும் பதிவு செய்வது எளிய, ஆனால் பயனுள்ள பணியாகும்.

2011-ஆம் ஆண்டில் துவரையின் மரபணுத் தொகுதி, ஆஷா என்ற வகையைக் கொண்டு இந்திய விஞ்ஞானிகளின் முன்னணிப் பங்களிப்புடன் வாசிக்கப்பட்டது. எந்தப் பண்பு எந்த மரபணுவில் அடங்கியுள்ளது என்று தேடுவதும், கலப்பினத் தலைமுறைகளில் வேண்டிய செடியை நாற்றுப் பருவத்திலேயே அடையாளம் காண்பதும் இதனால் எளிதாகி வருகின்றன. ஆயினும் ஏட்டில் வாசிக்கப்பட்ட மரபணு, உயிருள்ள செடிக்கு ஈடாகாது. ஒடிசாவின் குன்றுச் சரிவில் நிற்கும் புதரும், பெங்களூரின் புறநகர்த் தரிசில் படரும் கொடியும் நிலைத்திருந்தால்தான் அவ்வறிவு பயிராக மாறி, பருப்பாக மக்களைச் சென்றடையும்.